சின்ன ஜெட்டை யார் ஓட்டுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் விமானிகள் சங்கமும் கம்பெனியும் ஒப்பந்தம் பேச உட்கார்ந்தாலே, சம்பளம் எத்தனை சதவீதம் ஏறும் என்பதுதான் செய்தியாகிறது. இம்முறை வந்த கடிதங்கள் அதை விட்டுவிட்டு ஒப்பந்தத்தின் முதல் பிரிவைப் பிடித்திருக்கின்றன. விமானிகள் அதை 'ஸ்கோப்' என்பார்கள். கம்பெனியின் பெயரில் பறக்கும் விமானங்களில் எவற்றைச் சொந்த விமானிகளே ஓட்ட வேண்டும், எவற்றை வெளியாளிடம் கொடுக்கலாம் என்று எழுதிவைக்கும் பிரிவு அது.

டிக்கெட்டில் யுனைடெட், வாலில் யுனைடெட் நிறம். ஏறும்போது கதவோரம் பார்த்தால் 'ரிபப்ளிக்' என்று சின்ன எழுத்து. நான் யாருடைய விமானத்தில் போகிறேன்?
(நியூ ஜெர்சி வாசகர்)

ஓட்டுவது ரிபப்ளிக். விமானிகளும் பணிப்பெண்களும் அவர்கள் ஆட்கள். இயக்கும் உரிமமும் அவர்களுடையது. எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, டிக்கெட் என்ன விலைக்கு என்பதையெல்லாம் முடிவு செய்வது யுனைடெட். இருக்கைகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் ஒவ்வொரு பிளாக் ஹவருக்கும் இவ்வளவு என்று யுனைடெட் பணம் கொடுத்துவிடும். பிளாக் ஹவர் என்றால் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்த நொடியிலிருந்து சேருமிடத்தில் போய் நிற்கும்வரை ஆகும் நேரம். எரிபொருள் செலவும் பெரும்பாலும் பெரிய கம்பெனியின் கணக்கில்தான். விமானம் நிரம்பினாலும் காலியாகப் போனாலும் ஓட்டுகிறவருக்கு வாடகை வாடகைதான்.

இப்படிப் பெரிய கம்பெனிக்காக ஓட்டும் கம்பெனியை 'ரீஜனல்' என்பார்கள். பெரிய கம்பெனி தன் சொந்த விமானிகளை வைத்தே ஓட்டுவது 'மெயின்லைன்'. ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் போன்றவை தனிக் கம்பெனிகள். ஒரே சமயத்தில் பல பெரிய கம்பெனிகளுக்கு ஓட்டுகின்றன. என்வாய், பி.எஸ்.ஏ., பீட்மான்ட் மூன்றும் அமெரிக்கன் குழுமத்துக்கே சொந்தம். எண்டெவர், டெல்டாவுக்குச் சொந்தம். முதலாளி ஒருவரே என்றாலும் விமானிகளின் சீனியாரிட்டிப் பட்டியல் வேறு, ஒப்பந்தம் வேறு, சம்பளம் வேறு. சண்டை முழுக்க இந்த 'வேறு'களில்தான் இருக்கிறது.

50, 70, 76 என்று இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? 80 இருக்கை விமானம் ஓட்டக் கூடாது என்று அரசு சொல்கிறதா?
(சார்லட் வாசகி)

அரசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எல்லாம் மேஜையில் பேரம் பேசி வந்த எண்கள். முன்பு வெளியாளிடம் இருந்தவை சின்ன புரொப்பெல்லர் விமானங்கள். பெரிய கம்பெனி விமானிகள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 1993இல் கோம்ஏர் என்ற ரீஜனல் 50 இருக்கை கனடேர் ஜெட்டை அமெரிக்காவில் ஓட்டத் தொடங்கியது. கொஞ்ச காலத்தில் எம்ப்ரேயர் 145 வந்தது. மெயின்லைன் விமானி ஓட்டிக்கொண்டிருந்த தடத்தில் சின்ன ஜெட் வந்து நின்றபோதுதான் 'இதற்கு மேல் ஒரு இருக்கைகூடக் கூடாது' என்ற கோடு முக்கியமானது. செப்டம்பர் 2001க்குப் பிறகு கம்பெனிகள் வரிசையாகத் திவாலாகி மஞ்சள் கடிதாசு கொடுத்தன. ஒவ்வொரு திவாலிலும் அந்தக் கோடு மேலே நகர்ந்தது: 50, 70, பிறகு 76.

இருக்கையை மட்டும் எண்ணினால் போதாது என்று சங்கங்கள் கற்றுக்கொண்டதால் எடையையும் சேர்த்தார்கள். யுனைடெட், அமெரிக்கன் ஒப்பந்தங்களில் வெளியாள் ஓட்டும் ஜெட்டுக்கு 76 இருக்கை, சான்றிதழில் உள்ள அதிகபட்சப் புறப்பாட்டு எடை 86,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 39 டன் என்பது எல்லை. இரண்டில் எதைத் தாண்டினாலும் அது மெயின்லைன் விமானம். இந்த எடை வரி உலக விமானத் தொழிலையே வளைத்திருக்கிறது. எம்ப்ரேயரின் புதிய 175-ஈ2 குறைவாக எரிபொருள் குடிக்கும் ஜெட். ஆனால் புது எஞ்சின்கள் பெரியவை, கனமானவை. அதன் எடை 98,000 பவுண்டை ஒட்டி வந்துவிட்டது. அமெரிக்காவில் வாங்க ஆளில்லாததால் 2022இல் அதன் வேலையையே நிறுத்திவைத்தார்கள். பழைய எஞ்சின் பூட்டிய எம்ப்ரேயர் 175 இன்றும் சக்கைப்போடு போடுகிறது. மிட்சுபிஷியின் ஸ்பேஸ்ஜெட்டுக்கும் இதே கதி. முதல் மாடல் 86,000ஐத் தாண்டியது. ஸ்கோப்புக்குள் அடங்கும் சின்ன மாடலை வரைந்து முடிப்பதற்குள் 2020இல் திட்டத்தைக் கிடப்பில் போட்டார்கள், 2023இல் கைவிட்டார்கள்.

எண்ணுக்குள் நுழைய கம்பெனிகள் செய்கிற வித்தைக்கு நல்ல உதாரணம் சி.ஆர்.ஜே.-550 என்ற கனடேர் ஜெட். யுனைடெட்டின் 2012 ஒப்பந்தம் 70, 76 இருக்கை ஜெட்டுகள் சேர்ந்து 255க்கு மேல் போகக் கூடாது என்றது. அந்தக் கணக்கு நிரம்பிவிட்டது. 50 இருக்கை வகையில் இடம் இருந்தது, ஆனால் அந்த விமானங்களோ பழையவை, நெருக்கடியானவை. எனவே 70 இருக்கை சி.ஆர்.ஜே.-700ஐ எடுத்து, 20 இருக்கையைப் பிடுங்கி, 10 முதல் வகுப்பும் 40 சாதா இருக்கையும் போட்டார்கள். மிஞ்சிய இடத்தில் கைப்பெட்டி வைக்க நான்கு அலமாரிகள், முதல் வகுப்பாருக்கு ஒரு தின்பண்ட மேடை. சான்றிதழ் எடையை 65,000 பவுண்டாகக் குறைத்து எழுதினார்கள். 2019இல் கோஜெட் என்ற ரீஜனல் அதை ஓட்டத் தொடங்கியது. விமானத்தின் உடம்பு அதேதான். ஒப்பந்தக் கணக்கில் மட்டும் அது வேறு பெட்டிக்குப் போய்விட்டது. பயணிக்குக் கால் நீட்ட இடம் கிடைத்ததற்குக் காரணம் விமானிகள் சங்கத்தின் ஒரு வரி என்பது வேடிக்கைதான்.

50 இருக்கை ஜெட்டில் ஒரு இருக்கைக்கு ஆகும் செலவு அதிகம் என்கிறார்கள். பிறகு ஏன் கம்பெனிகள் வெளியாளிடம் கொடுக்கத் துடிக்கின்றன?
(டல்லஸ் வாசகர்)

மூன்று காரணம். சின்ன ஊருக்கு 150 இருக்கை விமானத்தை ஒரு நாளைக்கு இருமுறை விடுவதைவிட 50 அல்லது 76 இருக்கையை நான்கைந்து முறை விட்டால், கம்பெனியின் மைய விமான நிலையத்தில் இறங்கி மாறிப்போகும் பயணிக்கு இணைப்பு கிடைக்கும். ஒரு இருக்கைக்குச் செலவு கூடும், ஒரு பயணத்துக்குச் செலவு குறையும். இது நியாயமான காரணம், சங்கங்களும் மறுப்பதில்லை.

இரண்டாவது, சம்பளம் பணிமூப்போடு ஏறுகிறது. ரீஜனலில் ஆட்கள் நிலைக்காமல் பெரிய கம்பெனிக்குப் போய்க்கொண்டே இருப்பதால் சராசரி மூப்பு குறைவு, செலவும் குறைவு. யாரும் வெளியே போகாமல் தேங்கினால் ரீஜனலின் செலவு தானாக ஏறும். அப்போது வேலையை இன்னொரு ரீஜனலுக்கு மாற்றுவார்கள். அதுதான் மூன்றாவது காரணம்: ஒருவரைக் காட்டி இன்னொருவரைப் பணியவைப்பது. கோம்ஏர் விமானிகள் 2001இல் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து நல்ல ஒப்பந்தம் வாங்கினார்கள். பிறகு டெல்டாவின் விமானங்களும் தடங்களும் கொஞ்சம் கொஞ்சமாக வேறு கைகளுக்குப் போயின. 2012 செப்டம்பரில் கோம்ஏர் மூடப்பட்டது. வேலைநிறுத்தம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டோம். 50 இருக்கை ஜெட்டின் பொருளாதாரமும் அதற்குள் செத்துப்போயிருந்தது.

இந்த மலிவுக் கணக்கு இப்போது பழைய மாதிரி இல்லை. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் என்ற ரீஜனலின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன்பின் வந்த சட்டத்தால் 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் ஆட்களை அள்ளியதும் ரீஜனல்களில் கேப்டன் இல்லாமல் விமானங்கள் நின்றன. 2022 ஜூனில் அமெரிக்கனின் துணைக் கம்பெனிகள் தற்காலிக உயர்வையும் சேர்த்து முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் தர முன்வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் இத்தாக்கா, டொலீடோ, ஐஸ்லிப் ஊர்களை அமெரிக்கன் கைவிட்டது. வெளியாள் மலிவு என்பது ஆள் கிடைக்கும்வரைதான்.

என் மருமகன் ஒரு ரீஜனலில் கேப்டன். மெயின்லைன் சங்கம் ஸ்கோப்பை இறுக்கினால் அவர் வேலைக்குத்தானே ஆபத்து? இரண்டு பக்கமும் ஒரே சங்கம் என்கிறார். அது எப்படி?
(டெட்ராய்ட் வாசகர்)

உங்கள் மருமகன் சொல்வது சரி. ஆல்பா (ALPA) என்று அழைக்கப்படும் விமானிகள் சங்கமே டெல்டா, யுனைடெட் விமானிகளையும் பல ரீஜனல் விமானிகளையும் பிரதிநிதித்துவம் செய்கிறது. (அமெரிக்கன் விமானிகளுக்குத் தனிச் சங்கம். ஸ்கைவெஸ்ட் விமானிகளுக்குக் கம்பெனிக்குள்ளேயே ஓர் அமைப்பு.) மெயின்லைன் கிளை தன் ஒப்பந்தத்தில் ரீஜனலின் விமான எண்ணிக்கையை வெட்டுகிறது, அந்த மேஜையில் ரீஜனல் விமானிக்கு நாற்காலி இல்லை. இதை எதிர்த்து ரீஜனல் விமானிகள் சிலர் 2001இல் ஆல்பா மீதே வழக்குத் தொடர்ந்தார்கள்.

உடனடிக் கணக்கில் இறுக்கம் அவருக்கு நட்டம்தான். பொதுவாக விமானம் குறைந்தால் மூப்பில் கடைசியில் இருக்கும் கேப்டன்கள் துணை விமானியாக இறங்க வேண்டிவரும், கடைசித் துணை விமானிகளுக்கு வேலை போகும். நீண்ட கணக்கு வேறு. அவர் போய்ச் சேர விரும்பும் மெயின்லைன் இருக்கைகளின் எண்ணிக்கை இந்தப் பிரிவைப் பொறுத்தது. எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் மூப்பில் கடைசி எண்தான் கிடைக்கும். 15 ஆண்டுக் கேப்டனும் புதிதாய்ச் சேர்ந்தவனாகத்தான் தொடங்குவார். எனவே 35 வயது விமானிக்கு ஸ்கோப் இறுகுவது லாபமாகவும், 55 வயதில் ரீஜனலிலேயே ஓய்வு பெற நினைப்பவருக்கு நட்டமாகவும் முடியும். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று: அவர் கம்பெனியில் மெயின்லைனுக்கு மூப்பு வரிசையில் நேரடியாகப் போகும் 'ஃப்ளோ' உண்டா, மாதம் எத்தனை பேரை எடுப்பதாக எழுத்தில் இருக்கிறது?

ஒப்பந்தக் காலம் முடிந்து வருடக்கணக்கில் பேசுகிறார்கள். ஒரு நாள் வேலையை நிறுத்தினால் முடிந்துபோகாதா?
(சிகாகோ வாசகர்)

சட்டம் விடாது. விமானிகள் வருவது 1926இன் ரயில்வே தொழிலாளர் சட்டத்துக்குள். 1936இல் விமானத் துறையையும் அதில் சேர்த்தார்கள். இந்தச் சட்டத்தில் ஒப்பந்தம் காலாவதியாவதே இல்லை, 'திருத்தத்துக்குரியது' ஆகிறது. புதியது வரும்வரை பழைய சம்பளம், பழைய விதி. மாற்றம் கேட்பவர் 30 நாள் அறிவிப்புக் கொடுத்து நேரடியாகப் பேச வேண்டும். முட்டுக்கட்டை வந்தால் தேசிய மத்தியஸ்த வாரியத்திடம் போகலாம். இங்கேதான் காலம் கரைகிறது: மத்தியஸ்தத்துக்குக் கெடு கிடையாது. இனிப் பேசிப் பயனில்லை என்று வாரியமே நினைத்தால்தான் நடுவர் தீர்ப்புக்குச் சம்மதமா என்று கேட்கும். ஒரு தரப்பு மறுத்தால் 30 நாள் சூடு தணியும் காலம். அதுவும் முடிந்த பிறகே வேலைநிறுத்தம், கதவடைப்பு எல்லாம். அப்போதும் ஜனாதிபதி அவசரக் குழு அமைத்துத் தள்ளிப்போடலாம்.

1997 பிப்ரவரியில் அமெரிக்கன் விமானிகள் சரியாக இதே பிரச்சினைக்காக, புதிய சின்ன ஜெட்டுகளை யார் ஓட்டுவது என்பதற்காக, நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நிமிடக் கணக்கில் கிளின்டன் அவசரக் குழுவை அறிவித்து நிறுத்திவிட்டார். கடைசியில் சம்பளம் கிடைத்தது. சின்ன ஜெட்டுகள் துணைக் கம்பெனியான ஈகிளிடமே நின்றன.

ஒப்பந்தத்தை மீறிக் கம்பெனி வெளியாளிடம் விமானத்தைக் கொடுத்தால்?
(ஹூஸ்டன் வாசகர்)

அப்போதும் வேலைநிறுத்தம் இல்லை. இருக்கிற ஒப்பந்தத்துக்கு என்ன அர்த்தம் என்ற தகராறு சட்டத்தின் கண்ணில் 'சின்னத் தகராறு'. நடுவரிடம்தான் போக வேண்டும். உங்கள் ஊரையே உதாரணமாகச் சொல்லலாம். ஹூஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கான்டினென்டலின் ஒப்பந்தத்தில் வெளி ஜெட்டுக்கு 50 இருக்கைதான் எல்லை. யுனைடெட் ஒப்பந்தத்தில் 70. 2010இல் இரண்டும் இணைந்ததும் யுனைடெட்டின் 70 இருக்கை ஜெட்டுகளைக் கான்டினென்டல் மையங்களுக்குக் கொண்டுவந்து, கான்டினென்டலின் குறியீட்டையும் (விமான எண்ணுக்கு முன்னால் வரும் இரண்டெழுத்தை) அவற்றுக்குப் போட நிர்வாகம் திட்டமிட்டது. சங்கம் புகார் கொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நடுவர் கான்டினென்டல் குறியீடு போடக் கூடாது என்று தீர்ப்பளித்தார். சங்கத்தைக் காப்பாற்றியது 'குறியீடு' என்ற ஒரு சொல்.

அதே கான்டினென்டல் ஒப்பந்தம் இன்னொரு சொல்லில் கோட்டை விட்டிருந்தது. 50 என்ற எல்லை 'ஜெட்'டுக்கு. புரொப்பெல்லர் விமானம் அதில் வராது. எனவே 74 இருக்கை க்யூ-400ஐக் கோல்கன் ஓட்டியது. பஃபலோவில் விழுந்தது அந்த வகைதான்.

எங்கள் வீட்டில் ஒருவர் விரைவில் தற்காலிக உடன்பாட்டுக்கு வாக்களிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கம். முதல் பிரிவில் எதைப் பார்ப்பது?
(அட்லாண்டா வாசகி)

சங்கம் அனுப்பும் சுருக்கத்தைப் பிறகு படிக்கட்டும். முதலில் பிரிவின் சொற்பொருள் பகுதி. 'கம்பெனி' என்றால் விமான நிறுவனம் மட்டுமா, அதன் தாய் நிறுவனமும் சேர்த்தா? தாய் நிறுவனம் கையெழுத்திடவில்லை என்றால் நாளை அது இன்னொரு விமான நிறுவனத்தைத் தொடங்கினால் இந்த ஒப்பந்தம் அதைக் கட்டாது. இருக்கை எண்ணிக்கை சான்றிதழில் உள்ளதா, பூட்டியிருப்பதா? பூட்டியிருப்பது என்றால் சி.ஆர்.ஜே.-550 மாதிரி வித்தைக்குக் கதவு திறந்திருக்கிறது.

அடுத்து விகிதம். இரண்டு மாதிரி எழுதுவார்கள். ஒன்று விமான எண்ணிக்கையில். அமெரிக்கன் ஒப்பந்தத்தில் பெரிய ரீஜனல் ஜெட்டுகள் மெயின்லைனின் ஒற்றை நடைபாதை விமானங்களில் 40% வரை போகலாம். மெயின்லைனில் அப்படி 800 இருந்தால் வெளியே 320. நூறு பழைய விமானங்களை ஓய்வுக்கு அனுப்பினால் 280தான். 40 ஜெட் வெளியேற வேண்டும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, பாலைவனத்தில் நிறுத்திவைத்த விமானமும் அந்த 800இல் சேருமா என்பது. சேரும் என்றால் கம்பெனி ஒன்றையும் வெளியேற்ற வேண்டாம். விமானத்தைப் பறக்கவிடாமல் பெயரளவில் வைத்திருந்தாலே போதும்.

இன்னொன்று பிளாக் ஹவரில். வெளியாள் 1 மணி ஓட்டினால் மெயின்லைன் 1.5 மணி ஓட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின்லைன் மாதம் 1,50,000 மணி ஓட்டினால் வெளியே 1,00,000. குளிர்காலத்தில் மெயின்லைன் 1,35,000க்கு இறங்கினால் வெளியே 90,000. மாதாமாதம் அளந்தால் கம்பெனி உடனே வெட்ட வேண்டும். 12 மாத நகரும் சராசரி என்றால் ஒரு பருவத்து மீறலை அடுத்த பருவத்தில் சரிக்கட்டிக்கொள்ளும். எங்களைக் கேட்டால் எண்ணிக்கையைவிட மணிக்கணக்கு விகிதம் மேல். நிறுத்திவைத்த விமானம் மணி ஓட்டாது.

பிறகு, மீறினால் என்ன? இதில்தான் பல ஒப்பந்தங்கள் சொத்தை. 'கம்பெனி இணங்கும்' என்று மட்டும் இருந்தால் ஆண்டுகள் கழித்து நடுவர் பணம் வாங்கித் தரலாம், போன வேலை திரும்பாது. இத்தனை நாளில் சரிசெய்யாவிட்டால் வெளி விமானங்கள் இத்தனை தானாகக் குறையும், புகார் இத்தனை நாளில் விசாரணைக்கு வரும் என்று தேதியோடு இருக்க வேண்டும். விலக்குகளையும் விடாமல் படிக்கச் சொல்லுங்கள். 'கம்பெனியின் கட்டுப்பாட்டில் இல்லாத சூழ்நிலை' என்ற வரிக்குள் போர், தொற்றுநோய் மட்டுமா, எரிபொருள் விலையும் பொருளாதார மந்தமுமா? பின்னவை சேர்ந்துவிட்டால், விகிதம் தேவைப்படுகிற சமயம் பார்த்துத்தான் தூங்கும்.

விட்டுக்கொடுத்தால் பதிலுக்கு என்ன வந்தது என்பதை அளக்க டெல்டாவின் 2012 ஒப்பந்தம் நல்ல அளவுகோல். 76 இருக்கை ஜெட்டின் உச்சத்தை 153இலிருந்து 223ஆக உயர்த்தச் சங்கம் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு 50 இருக்கை ஜெட்டுகள் 125ஆக இறங்க வேண்டும். 88 போயிங் 717 மெயின்லைனுக்கு வந்தன. மெயின்லைனில் விமானம் சேரச் சேரத்தான் 76 இருக்கை கூடலாம். கொடுத்த எண்ணுக்கு எதிரே வந்த எண் அதே பக்கத்தில், அதே கால அட்டவணையில் இருந்தது. உங்கள் வீட்டவரின் உடன்பாட்டில் கொடுப்பது தேதியோடும் வாங்குவது 'கம்பெனி உத்தேசித்துள்ளது' என்ற சொல்லோடும் இருந்தால் அது பேரமே அல்ல.

ஸ்கோப்பைத் தளர்த்திச் சம்பளத்தைக் கூட்டி வாங்கிவிட்டு, அடுத்த ஒப்பந்தத்தில் ஸ்கோப்பைத் திரும்பக் கேட்கலாமே?
(சியாட்டில் வாசகர்)

கேட்கலாம். அதற்குள் கம்பெனி ரீஜனல்களோடு பல ஆண்டு ஒப்பந்தம் போட்டு, அந்த விமானங்களுக்கு மாதாமாதம் தவணையும் கட்டிக்கொண்டிருக்கும். அதை உடைக்க ஆகும் செலவையும் உங்கள் கோரிக்கையின் விலையில் சேர்த்துத்தான் மேஜையில் வைப்பார்கள்.

ரீஜனலே இல்லாத பெரிய கம்பெனி உண்டா?
(பால்டிமோர் வாசகி)

உங்கள் ஊரிலேயே நிறையப் பறக்கும் சவுத்வெஸ்ட். எல்லாம் 737, எல்லாவற்றையும் ஓட்டுவது சொந்த விமானிகள். மற்ற கம்பெனிகளில் டிக்கெட் எடுக்கும்போது 'இன்னார் இயக்குவது' என்ற வரியைத் தேடுங்கள். டிக்கெட் விற்கும் இணையதளம் தேடலுக்கு விடையாக விமானத்தைக் காட்டும் முதல் பக்கத்திலேயே அந்தப் பெயரைக் காட்ட வேண்டும் என்பது 2010 முதல் சட்டம்.